இஸ்கூல், ஸ்கூல்: எது சரி?

கான்பூரில் ஒரு தாய். அவருடைய மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று சீட்டு வந்தது.

"இஸ்கூலுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும்?" என்று தாய் கேட்டார்.

"இஸ்கூல் இல்லை அம்மா, ஸ்கூல்! நீ அங்கே வந்து வாயைத் திறந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். நீ வரவேண்டாம்" என்றாள் மகள்.

தாய் போகவில்லை.

அவர் செய்த தவறு என்ன? இந்தி பேசும் ஊர்களில், பேச்சு வழக்கில் 'ஸ்க', 'ஸ்ட' என்று சொல் தொடங்குவது அரிது. அதனால் நாக்கு முன்னால் ஓர் 'இ' சேர்த்துக்கொள்கிறது. ஸ்டேஷன் 'இஸ்டேஷன்' ஆகிறது. பஞ்சாபில் பலர் 'சடேஷன்' என்பார்கள்.

தமிழர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. அவர்கள் பின்னால் ஓர் 'உ' சேர்ப்பவர்கள். பேங்கு, ஆபீசு, காரு என்பார்கள். 'வோட்' என்ற சொல் தமிழரிடம் 'ஓட்டு' ஆயிற்று. வங்காளிகளிடம் 'போட்' ஆயிற்று. தேர்தல் ஒன்றுதான்!

சரி, ஆங்கிலேயர்களாவது ஒரே மாதிரி பேசுகிறார்களா? இல்லை. லண்டன் பக்கம் 'பஸ்', 'கப்' என்பார்கள். வட இங்கிலாந்தில் பலர் 'புஸ்', 'குப்' என்பார்கள். குளியலைத் தெற்கே 'பாத்' என்று நீட்டுவார்கள். வடக்கே 'பத்' என்று குறுக்குவார்கள். வடக்கத்தியாரின் பேச்சைப் படிக்காதவர் பேச்சு என்று கேலி செய்வதும் உண்டு.

ஆனால் பழைய ஒலி யாருடையது தெரியுமா? வடக்கத்தியாருடையதுதான். முன்பு தெற்கிலும் 'குப்' என்றே சொன்னார்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஒலி மாறியது. 'பாத்' என்ற நீட்டமும் பிறகு வந்ததே. வடக்கே இரண்டும் மாறவில்லை.

1941இல் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பி.பி.சி. வானொலியில் செய்தி வாசிக்க வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்பவர் வந்தார். அவர் வடக்கே யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தவர். அதுவரை செய்தி என்றால் தெற்கத்திப் படித்தவர் பேச்சுதான். பிக்கிள்ஸ் வடக்கத்தி ஒலியில் வாசித்தார். 'குட் நைட்' என்பதை 'குட் நீட்' என்றார். நேயர்களிடமிருந்து புகார்கள் வந்தன. இந்தக் குரலில் சொன்னால் செய்தியை நம்ப முடியவில்லை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். குண்டு விழுந்த செய்தி யார் வாசித்தாலும் ஒன்றுதானே?

1946இல் அதே பிக்கிள்ஸ் சாதாரண மக்களோடு பேசும் வானொலி நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். அது 1967 வரை நடந்தது. நாடு முழுவதும் விரும்பிக் கேட்டார்கள்.

கான்பூரில் அந்த மகளுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. அடுத்த கூட்டத்துக்குத் தாய் போனார். யார் சிரித்தாலும் சரி என்று போனார். கணக்கில் ஏன் பின்தங்குகிறாள் என்று கேட்டார்.

"இஸ்கூல் முடிந்ததும் தினமும் அரை மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். நான் சொல்லித் தருகிறேன்" என்றார் ஆசிரியை.