துளைகளுக்குள்ளே ஒரு தொழிற்சாலை

கணவாய் என்றால் என்னவென்று தொப்பூர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே மலைகள் குறுக்கே நிற்கின்றன. சிகரத்தில் ஏறித்தான் மறுபுறம் இறங்க வேண்டும் என்றால் எத்தனை பேர் போவார்கள்? கணவாய் இருப்பதால் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன.

வேதியியலில் கணவாயின் வேலையைச் செய்வது வினையூக்கி. வினை நடக்க மூலக்கூறுகள் கடக்க வேண்டிய மேட்டைக் கிளர்வு ஆற்றல் என்கிறோம். வினையூக்கி அதைவிடத் தாழ்வான வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் சிறிது மாங்கனீசு டைஆக்சைடு இட்டால் ஆக்சிஜன் குமிழ்கள் பொங்கி வரும். வினை முடிந்ததும் அக்கருந்தூளை வடிகட்டி எடுத்து, உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்திராது.

ஆனால் எல்லா வினையூக்கியும் இப்படி எளிதில் பிரிந்து வருவதில்லை. மருந்துகள் செய்யப் பயன்படும் பல வினைகளுக்குப் பல்லேடியம் என்னும் விலையுயர்ந்த உலோகம் வேண்டும். அது கரைசலில் கரைந்துவிட்டால் மீட்பது கடினம், பொருளும் வீண். மருந்தில் உலோகம் தங்கினால் நோயாளிக்கும் தீங்கு.

இதற்கு ஒரு வழியாக வந்தவைதாம் நுண்துளைகள் நிறைந்த கரிமப் படிகங்கள். தேன்கூட்டை நினைத்துக் கொள்வோம். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் போன்ற இலேசான தனிமங்கள் சகப்பிணைப்பால் கோத்து, ஒரே அளவுள்ள அறைகளை வரிசையாக அமைக்கின்றன. அறையின் அகலம் ஏறத்தாழ 1 முதல் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சம் நானோமீட்டர் அடங்கும்! துளைகள் மிகுதியானதால் ஒரு கிராம் பொருளுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும்.

இத்தகைய படிகத்தை 2005-இல் அமெரிக்காவில் ஓமர் யாகி குழுவினர் முதன்முதலாகச் செய்து காட்டினர். 2011-இல் சீனாவின் லான்சௌ பல்கலைக்கழகத்தார் அடுக்குகளிலுள்ள நைட்ரஜன் அணுக்களைக் கொண்டு பல்லேடியத்தைப் பிடித்து வைத்து, சுசுகி வினையை நடத்தினர். வினை முடிந்ததும் வினையூக்கியைத் தனியே பிரித்து மீண்டும் பயன்படுத்தினர்.

ஒரு குறை இருந்தது. முதலில் வந்த படிகங்கள் தண்ணீர் பட்டாலே சிதைந்தன. 2012-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ராகுல் பானர்ஜி குழுவினர், கொதிநீரையும் கடும் அமிலத்தையும் தாங்கும் படிகங்களை உருவாக்கினர். நம் நாட்டார் செய்த இப்பணி நமக்குப் பெருமை.

இவற்றைத் தொழிற்சாலை அளவில் மலிவாகச் செய்வது இன்னும் எளிதாகவில்லை. அந்த மேட்டுக்கும் ஒரு கணவாய் காண வேண்டும். அதைக் காணப்போகிறவர் நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் தோழி ஒருத்தியாக இருக்கக் கூடாதா? ஊக்கத்துடன் பயில்வோம்!