தாய்ச்செடி ஒன்று, நாற்றுகள் பல: வீட்டிலேயே ஹைட்ராஞ்சியா வளர்ப்பு

உதகை, கொடைக்கானல், சிம்லா, டார்ஜிலிங் போன்ற மலை நகரங்களில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு ஹைட்ராஞ்சியா புதிய மலரன்று. நீலமும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் இச்செடியின் தாயகம் ஜப்பான்.

பணிமாற்றம் பெற்றுக் குடியிருப்பைக் காலிசெய்யும்போதோ, பெற்றோரின் பழைய வீட்டை விற்கும்போதோ, பல்லாண்டு வளர்ந்த புதரைப் பெயர்த்து எடுத்துச் செல்வது அரிது. ஆனால் ஒரு சாண் தண்டை எவரும் எடுத்துச் செல்லலாம். அது வேர்பிடித்தால் தாய்ச்செடியின் பண்புகள் அனைத்தையும் அப்படியே பெற்றிருக்கும். விதை நாற்றுக்கு அவ்வுறுதி இல்லை.

தண்டைத் தேர்ந்தெடுத்தல்

கடுங்கோடையையும் உறைபனிக் காலத்தையும் தவிர்த்து, காற்றில் ஈரம் மிகுந்த நாள்களைத் தேர்ந்துகொள்வோம். அவ்வாண்டில் தளிர்த்த, பூவோ மொட்டோ இல்லாத, நோயற்ற தண்டே ஏற்றது. மொட்டுள்ள தண்டு தன் ஆற்றலைப் பூவுக்கே செலவிட்டுவிடும். செடியில் நீர்ச்சத்து நிறைந்திருக்கும் காலை வேளையில், தூய கத்தியால் வெட்டுவோம்.

நடும் முறை

1. தண்டின் நீளம் 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்கட்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுக. வேர் பெரும்பாலும் கணுவருகிலேயே தோன்றும்.

2. நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, ஏனையவற்றை நீக்குக. எஞ்சிய இலைகள் பெரியனவாயின் பாதியாக நறுக்குக. வேரற்ற தண்டு, அகன்ற இலைகள் இழக்கும் நீரை ஈடுசெய்ய இயலாது.

3. அடிநுனியை வேர் ஊக்கித் தூளில் தோய்க்கலாம். அது கட்டாயமன்று; ஆயினும் வேர் விரைந்து தோன்றத் துணைபுரியும்.

4. தென்னை நார்த்தூளையும் ஆற்று மணலையும் சம அளவில் கலந்து, வடிகால் துளையுள்ள தொட்டியில் நிரப்புக. ஒரு கணுவேனும் உள்ளே புதையுமாறு நட்டு, நீர் தெளிக்க. இந்நிலையில் உரம் வேண்டா.

5. பாலித்தீன் உறையால் மூடி, வெளிச்சமுள்ள நிழலில் வைக்க. உறை இலைகளைத் தொடலாகாது. நாள்தோறும் சிறிது நேரம் திறந்து காற்றோட்டம் தருக. தவறினால் பூஞ்சணம் பிடிக்கும்.

நட்டவை அனைத்தும் பிழைப்பதில்லை. இரு செடிகள் தேவையெனில் ஆறு தண்டுகளேனும் நடுவது அறிவுடைமை.

பொதுவாக மூன்று, நான்கு வாரங்களில் வேர் தோன்றும். புதுத்தளிர் கண்டு அவசரப்பட வேண்டா. தண்டில் எஞ்சிய சேமிப்பைக்கொண்டும் தளிர் வரக்கூடும். மெல்ல இழுத்துப் பார்க்கையில் தண்டு பிடித்து நின்றால், அதுவே நம்பத்தக்க சான்று. பின்னர் உறையைப் படிப்படியாக அகற்றி, மட்கு கலந்த மண்ணுள்ள தனித்தொட்டிக்கு மாற்றுவோம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் இதற்கு உகந்தவை. சமவெளியின் கடுங்கோடையில் இச்செடி மிகவும் வாடும் என்பதையும் கருத்திற்கொள்வோம்.

நிறம் மாறுவது ஏன்?

உதகையில் நீலமாகப் பூத்த செடியின் நாற்று, வேறூரில் இளஞ்சிவப்பாகப் பூத்தால் நாற்று மாறிவிட்டதெனக் கருத வேண்டா, மாறியது மண்ணே. அமில மண்ணில், அதாவது பி.எச். 5.5 அளவிலோ அதற்குக் கீழோ, அலுமினியம் கரைந்து செடிக்குள் சேர்வதால் நீலம் பிறக்கிறது. பி.எச். 6.5-க்கு மேல் அலுமினியம் எளிதில் கிடைப்பதில்லை, எனவே இளஞ்சிவப்பு. இடைநிலையில் ஊதா தோன்றும். வெள்ளை வகைகள் நீலமாவதில்லை.

கத்தரிப்பும் காவலும்

தோட்டங்களில் மிகுதியாகக் காணும் பெரிய இலை வகை, முந்தைய பருவத்துத் தண்டிலேயே மொட்டுக்கட்டும். எனவே பூத்து முடிந்தவுடன் கத்தரிப்போம். காலந்தாழ்த்தினால் அடுத்த ஆண்டுப் பூக்களை இழப்போம். இலையும் மொட்டும் உண்டால் நஞ்சாகும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அவற்றைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வோம்.

நாற்றுகள் தேறியதும் ஒன்றை அண்டை வீட்டாருக்கோ உறவினருக்கோ வழங்குவோம். நம் செடி எப்போதேனும் பட்டுப்போனால், அங்கிருந்து மீண்டும் ஒரு தண்டைப் பெறலாம். பெற்றோர் நட்ட செடியைக் காப்பதற்கு இதனினும் எளிய காப்பீடு வேறில்லை.