வரிசையில் நிற்கும் வீடு: புதுச்சேரித் தமிழர் பகுதியில் குடியிருத்தல்

புதுச்சேரியின் பழைய நகரம் புல்வார் எனப்படும் அகன்ற சுற்றுச்சாலைகளுக்குள் ஏறத்தாழ முட்டை வடிவில் அடங்கியிருக்கிறது. வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் அதை இரண்டாகப் பிரிக்கிறது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி இடித்துத் தள்ளியபின், 1765 முதல் பிரெஞ்சுக்காரர் பழைய வீதிக்கோடுகளின்மேலேயே அதை மறுபடி எழுப்பினர் என்பதால், அங்கு வீதிகளின் வயது வேறு, வீடுகளின் வயது வேறு. வாய்க்காலுக்குக் கிழக்கே கடலை ஒட்டியிருப்பவை உயர்ந்த மதிலும் தோட்டமும் சூழத் தனித்தனியே நிற்கும் வீடுகள்; சுற்றுலாப் படங்களில் வரும் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் பெரும்பாலும் அங்கேதான். மேற்கே, தமிழர் பகுதியில், வீடுகள் மதில் இல்லாமல் வீதியை நோக்கித் திறந்து, ஒன்றின் பக்கச்சுவரை மற்றொன்று பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கின்றன. இங்கே குடியேறுபவர் வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் ஒரு வீட்டைத்தான் என்றாலும், அவர் கையில் வந்து சேர்வது ஒரு வரிசையின் பங்கு. இதை உணராமல் வந்தவர்களே அதிகம் செலவழித்து அதிகம் அலுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வகை வீட்டின் அமைப்பை வீதியிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். முதலில் தாழ்வாரம், அதாவது மரத்தூண்கள் தாங்கும் சாய்ந்த ஓட்டுக்கூரையின்கீழ் வழிப்போக்கரும் ஒதுங்கக்கூடிய இடம், அதன்பின் திண்ணை, அதைக் கடந்தால் செதுக்கு வேலைப்பாடுள்ள கதவு, குறுகிய நடை, வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அறைகள், கடைசியில் பின்கட்டு. வசதி படைத்த குடும்பங்கள் பிற்காலத்தில் கீழ்த்தளத்தைத் தமிழ் முறையிலேயே விட்டு, மாடியை மட்டும் வளைவுச் சாளரங்களும் சுதைத் தூண்களுமாகப் பிரெஞ்சு முறையில் கட்டிக்கொண்டன. ஆனந்தரங்கப் பிள்ளையின் 18-ஆம் நூற்றாண்டு மாளிகை இக்கலப்பின் பழைய சான்று.

முதல் பாடத்தைப் பெரும்பாலும் பொதுச்சுவரே கற்பிக்கிறது. இரண்டு வீடுகளின் உத்தரங்களும் ஒரே சுவரில் இருபுறமிருந்தும் வந்து அமர்ந்திருக்க, பக்கத்து வீட்டுக்காரர் தம் பகுதியை இடித்துப் புதுக்கட்டடம் எழுப்பத் தொடங்கினால், ஒருபக்கத் தாங்கலை இழந்த சுவர், மழை படும் என்று யாரும் எண்ணிப் பூசியிராத தன் முகத்தை முதன்முறையாக மழைக்குக் காட்டி நிற்கும். அதன் அடியிலேயே அடித்தளத்துக்குக் குழியும் தோண்டப்படும். அனுபவமுள்ள குடியிருப்பாளர்கள் இடிப்பு தொடங்குமுன்பே தம் வீட்டுச் சுவர்கள் அனைத்தையும் தேதி தெரியப் படமெடுத்து வைக்கிறார்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் அன்றைய தேதியைப் பென்சிலால் எழுதிவிடுகிறார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள், உடையாவிட்டால் அது பழைய விரிசல். பத்து ரூபாய் கூடப் பெறாத இந்த ஏற்பாடு, பின்னால் வரும் வாய்த்தகராறில் பொறியாளர் அறிக்கைக்கு அடுத்தபடியாகப் பேசும். இடிக்கப்பட்ட பக்கத்தை யார் செலவில் பூசுவது, குழி தோண்டும்போது சுவருக்கு எத்தனை அடி தள்ளித் தோண்டுவது ஆகிய இரண்டையும் வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வேலை தொடங்கியபின் யாரும் எழுதித் தருவதில்லை.

இரண்டாவது பாடம் சுண்ணாம்பு. இவ்வீடுகளின் செங்கல் சுவர்கள் நீற்றிய சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்தால் கட்டப்பட்டவை. உயர்ந்த பூச்சுகளில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்க்கப்பட்டதுண்டு. அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத இச்சுவர்கள் நிலத்து ஈரத்தை மேலே இழுப்பது இயல்பு. கடற்கரை ஊரில் அந்த ஈரத்தில் உப்பும் கலந்திருக்கும். நுண்துளைகள் உள்ள சுண்ணாம்புப் பூச்சு, இழுத்த ஈரத்தை வெயில் நாட்களில் காற்றில் விட்டுவிடுகிறது. பொரிந்த அடிச்சுவரைப் பார்த்துப் பதறும் புதுக்குடியேறிகள் முதலில் செய்வது, அதைக் கொத்திவிட்டு மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசுவது. வெளியேற வழியில்லாத ஈரம் சிமென்ட் பட்டைக்கு மேலே ஏறி, அடுத்த ஆண்டு நான்காவது அடியில் பொரியும். அதற்கும் சிமென்ட் பூசினால் ஐந்தாவது அடியில். உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருப்பது பட்டை முழுவதுமாகக் கழன்று விழும் நாள்வரை தெரியாது. பிளாஸ்டிக் வகை வண்ணப்பூச்சுகளும் இதே கேட்டைச் சற்று மெதுவாகச் செய்கின்றன. சுண்ணாம்பு வெள்ளையடிப்பு ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய தொல்லைதான், ஆயினும் சுவருக்கு ஒத்துப்போவது அதுவே.

சுண்ணாம்பு வேலைக்குக் காலமும் ஆளும் அமைய வேண்டும். மெதுவாக இறுகும் பொருள் ஆதலால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் ஆகாது, சித்திரை வெயிலிலும் ஆகாது. மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் செய்து, நாள்தோறும் நீர் தெளித்துவர வேண்டும். சிமென்ட்டில் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் கொத்தனாரிடம், சுண்ணாம்பில் அவரே முன்பு செய்த வீட்டைக் காட்டச் சொல்வது ஒன்றே போதுமான தேர்வு.

மொட்டைமாடி தனிக் கவனம் கேட்கிறது. தமிழகத்தில் மெட்ராஸ் டெரஸ் என வழங்கும் தளமே இங்கும் பரவலாக உள்ளது: தேக்கு உத்தரங்களின்மேல் சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வரிசையாகக் குத்துவாக்கில் நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, தட்டோடு பதித்த தளம் அது. நூறாண்டு நிற்கக்கூடிய இத்தளத்தைக் கெடுப்பவை தேங்கும் தண்ணீர், விரிசலில் வேர்விடும் அரசங்கன்று, இடம் தெரியாமல் வைக்கப்படும் தண்ணீர்த் தொட்டி ஆகிய மூன்றே. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் ஓடும் இடம் பார்த்து அதன்மேல் வைக்க வேண்டும். உத்தரம் முதலில் இற்றுப்போவது சுவருக்குள் புதைந்த முனையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். சிறு சுத்தியலால் முனையருகே தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் கரையான் தின்றது பொத்தென்றும் ஒலிக்கும். அடைமழைக்கு முன்பே, ஆடி, ஆவணிக்குள் இந்தச் சோதனை முடிந்துவிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டப்பட்டது. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெங்கல் புயலின்போது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய ஊர் இது. இங்கு மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை எடுக்காமல் விடுவது சோம்பலில் சேராது, ஆபத்தில் சேரும்.

முற்றத்தை மூடலாமா என்ற கேள்விக்கு மூடியவர்களின் அனுபவமே விடை. கொசுவுக்கும் மழைச்சாரலுக்கும் அஞ்சி ஃபைபர் தகடு போட்டவர்கள், வெப்பக்காற்று மேலே வெளியேறும் ஒரே வழியை அடைத்துவிட்டுக் குளிர்சாதனத்துக்கு மின்கட்டணம் கட்டுகிறார்கள். கம்பிவலை போதும், முற்றத்து நீர் வீதி வடிகாலுக்குப் போகும் பாதை சரியாக இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. சுரண்டாமலே மேலும் மேலும் தார் போட்டதால் வீதி உயர்ந்துவிட்ட இடங்களில் அந்தப் பாதை எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

வீதியோரத் தாழ்வாரங்களில் பெரும்பாலானவை கடையாகவோ வண்டி நிறுத்துமிடமாகவோ மாறி மறைந்துவிட்டன. ஒரு வீடு மட்டும் தாழ்வாரத்தைக் காப்பாற்றினால் அது காட்சிப்பொருள். பத்து வீடுகள் தொடர்ந்து காப்பாற்றினால்தான் வெயிலில் நடக்க ஒரு நிழற்பாதை. வைசியாள் வீதி எனப் பழகிய கால்வே சுப்பராய செட்டி வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பும் அரசும் சேர்ந்து வீட்டு முகப்புகளைத் தொடராகச் சீரமைத்ததும், 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்ததும் இக்கருத்தை ஒட்டியே. விருதுக்குப் பின் வந்த கூட்டத்தைப் பற்றி அங்கிருப்பவர்களுக்குக் கலவையான கருத்து உண்டு. திண்ணையில் உட்கார்ந்து படமெடுப்பவர்கள், சனி ஞாயிறுகளில் வீட்டு வாசலை மறித்து நிற்கும் வெளியூர்க் கார்கள், காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தை ஆகியவற்றை ஒட்டித்தான் மருத்துவமனைக்குப் போவதும் சாமான் இறக்குவதும் திட்டமிடப்படுகின்றன. கோயில் உற்சவம், சம்பா கோயில் எனப்படும் கத்தோலிக்கப் பேராலயத்தின் மணி, பள்ளிவாசல் பாங்கு மூன்றும் கேட்கும் தொலைவில் வாழ்பவர்கள் அவற்றைப் பற்றிக் குறைசொல்வது அரிது. ஒலிபெருக்கி வைத்த தங்கும் விடுதியைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது உரிமை. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுக்கு மாற்றப்பட்டபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் பலர் இப்போது பிரான்சில் வாழ்கிறார்கள். ஒரே வீட்டுக்கு அங்கும் இங்குமாக ஏழெட்டுப் பங்காளிகள் இருப்பது சாதாரணம், பழைய பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் இருப்பதும் சாதாரணம். தளம் ஒழுகும்போது செலவுக்கு ஒப்புதல் தர ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், மற்றொருவர் பிணங்கிக்கொண்டிருப்பார். ஆகவே வாடகைக்கு வருபவர் முன்பணம் கொடுக்குமுன், பங்காளிகள் சார்பில் பழுதுபார்க்க அதிகாரம் பெற்றவர் யார் என்பதற்கான பவர் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்; தளம், உத்தரம், பொதுச்சுவர் ஆகியவற்றின் செலவு உரிமையாளருடையது, வெள்ளையடிப்பும் குழாய் அடைப்பும் குடியிருப்பவருடையது என ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிப் பிரித்து எழுத வேண்டும்; அவசரப் பழுதுக்கு எவ்வளவு தொகைவரை கேட்காமலே செலவழித்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும்.