கரி முனையில் குவானின்

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு டிஎன்ஏவை மின்வேதியியல் முறையில் கண்டறிவதை எடுத்துக்கொண்டாய் என்பதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. மின்வாய் என்றாலே ஏன் எல்லோரும் கார்பனைத் தேடிப் போகிறார்கள், அதிலும் நானோகுழாய், கிராபீன் என்று ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

பிராக் நகரில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் போலரோகிராபி என்ற மின்வேதியியல் அளவீட்டு முறையைக் கண்டுபிடித்தார். சொட்டுச் சொட்டாக விழும் பாதரசமே அதில் மின்வாய். 1959-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே நாட்டில், புர்னோ நகரத்தில், எமில் பலெச்செக் என்ற இளைஞர் அந்த வழியில் வந்த ஒரு முறையை டிஎன்ஏவின் மேல் செலுத்திப் பார்த்தார். இவ்வளவு பெரிய மூலக்கூறு மின்வாயில் எதையும் காட்டும் என்று அப்போது பெரிதாக யாரும் நம்பவில்லை. அது காட்டியது. 1960-இல் நேச்சர் இதழில் அவர் கட்டுரை வந்தது. இரட்டை இழையாக இருக்கும் டிஎன்ஏவும், சூடுபட்டு இழை பிரிந்த டிஎன்ஏவும் வேறு வேறு சைகை தருவதையும் அவர் கண்டார். டிஎன்ஏவின் நான்கு காரங்களான குவானின், அடினைன், தைமின், சைட்டோசின் ஆகியவை இரட்டை இழைக்குள் ஒன்றோடொன்று பிணைந்து மறைந்திருக்கின்றன. இழை பிரிந்தால் வெளியே வருகின்றன. இன்று வரும் பல டிஎன்ஏ உணரிகளுக்கு இந்த ஒரு செய்திதான் வேர்.

பாதரசத்துக்கு ஒரு எல்லை உண்டு. மின்னழுத்தத்தை நேர்த் திசையில் கொஞ்சம் கூட்டினாலே பாதரசம் தானே எலக்ட்ரானை விட்டுக் கரைய ஆரம்பித்துவிடும். குவானின் ஆக்சிஜனேற்றம் அடையும் இடமோ அதற்கு வெகு தூரம் அப்பால். கார்பன் அங்கே போயும் கலங்காது. 1970களின் இறுதிக்குள் கிராஃபைட் மின்வாயில் டிஎன்ஏவின் குவானினையும் அடினைனையும் நேரடியாக ஆக்சிஜனேற்றிக் காட்டிவிட்டார்கள். கார்பனைத் தேடிப் போனதற்கு முதல் காரணம் இதுதான்; நானோ என்ற பேச்சே அப்போது இல்லை.

நான்கு காரங்களிலும் குவானின்தான் எளிதில் எலக்ட்ரானை விடும். நடுநிலைக் கரைசலில், வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாயை வைத்து அளந்தால், ஏறத்தாழ 0.7 வோல்ட் பக்கத்தில் அதன் மின்னோட்ட முகடு வரும். அடினைன் 1 வோல்ட்டை ஒட்டி வரும். தைமினும் சைட்டோசினும் இன்னும் மேலே. அந்த உயரத்தில் தண்ணீரே சிதையத் தொடங்குவதால் அவற்றின் முகடுகள் பெரும்பாலும் அதில் மூழ்கிப்போகும்.

ஆனால் டிஎன்ஏ இருக்கிறதா என்று கேட்பது ஒன்று, இந்த வரிசை கொண்ட டிஎன்ஏ இருக்கிறதா என்று கேட்பது வேறு. நோய்க்கிருமியைத் தேடுபவருக்கு இரண்டாவது கேள்விதான் வேண்டும். அதற்கு, தெரிந்த வரிசை கொண்ட ஒற்றை இழை ஒன்றை மின்வாயில் பொருத்தி, அதன் இணை இழை கரைசலிலிருந்து வந்து சேர்கிறதா என்று பார்க்கிறோம். சேர்ந்ததை எப்படி அறிவது? பொருத்திய இழையிலும் குவானின் இருக்கிறது, வந்த இழையிலும் இருக்கிறது. மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தைச் சேர்த்து, அது ஒற்றை இழையிடமும் இரட்டை இழையிடமும் காட்டும் வேறுபாட்டை அளப்பது ஒரு வழி. எனக்கு மிகவும் பிடித்தது 1990களின் பிற்பகுதியில் ஜோசப் வாங் குழுவினர் செய்தது. மின்வாயில் பொருத்தும் இழையில் குவானின் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இனோசினை வைத்தார்கள். இனோசின் சைட்டோசினோடு இணை சேரும், ஆனால் குவானினின் முகடு வரும் இடத்தில் முகடு தராது. ஆகவே குவானின் முகடு தலைகாட்டினால், வெளியிலிருந்து வந்த இழையிலிருந்து மட்டுமே அது வந்திருக்க முடியும். எத்தனையோ பெரிய எண்களைப் போட்ட கட்டுரைகளைவிட இந்த ஒரு யோசனையை நான் மேலாக மதிக்கிறேன். முகடு எங்கிருந்து வந்தது என்ற சந்தேகத்தை அளப்பதற்கு முன்பே தீர்த்துவிட்டார்கள் பார்.

இனி நானோவுக்கு வருகிறேன். கார்பன் நானோகுழாய்களை சுமியோ இஜிமா 1991-இல் விவரித்தார். கிராபீன் தாளை ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் 2004-இல் பிரித்தெடுத்தார்கள். மின்வேதியியலாளர்கள் இரண்டையும் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் 1 நானோமீட்டர் அளவில் இருக்கும். டிஎன்ஏ இரட்டை இழையின் விட்டம் 2 நானோமீட்டர். அளவில் இரண்டும் ஒன்றுக்கொன்று எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கின்றன.

நாசாவின் ஏம்ஸ் மையத்தில் 2003-இல் செய்ததைக் கட்டாயம் படி. குழாய்களை நட்டுக்குத்தாக வளர்த்து, இடைவெளியைச் சிலிக்கான் டையாக்சைடால் நிரப்பி, நுனிகளை மட்டும் வெளியே விட்டார்கள். இது ஏன் முக்கியம் தெரியுமா? மின்வாயின் பரப்பு முழுவதும், டிஎன்ஏ இருந்தாலும் இல்லாவிட்டாலும், மின்னேற்றத்துக்காகவே ஒரு மின்னோட்டத்தை உறிஞ்சும். நானோ பொருளைக் கொட்டிப் பரப்பைப் பெருக்கினால் முகடு வளரும், அந்தப் பின்னணியும் கூடவே வளரும். அவர்கள் பரப்பைக் குறைத்துப் பின்னணியை அடக்கினார்கள். ருத்தீனியச் சேர்மம் ஒன்று குவானினிலிருந்து எலக்ட்ரானை வாங்கி வாங்கி மின்வாய்க்குக் கடத்தியதால் சைகையும் பெருகியது.

கிராபீனில், சீனாவின் சாங்சுன் நகரத்து ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. வேதிமுறையில் ஒடுக்கிய கிராபீன் ஆக்சைடு படலத்தில் நான்கு காரங்களின் முகடுகளும் தனித்தனியே தெரிந்தன. தைமினும் சைட்டோசினும் உட்பட!

கார்பனில் முகடுகள் ஏன் இப்படித் தெளிவாக வருகின்றன? கிராஃபைட்டை வெற்றிலைக் கட்டாக நினைத்துக்கொள். இலையின் பரப்பு ஒன்று, கட்டின் ஓரத்தில் தெரியும் இலை விளிம்புகள் வேறு. ஆக்ஸ்போர்டில் ரிச்சர்ட் காம்ப்டன் குழுவினர், எலக்ட்ரான் வேகமாகக் கைமாறுவது பெரும்பாலும் விளிம்புகளில்தான், குழாயின் நுனியும் குறைகளும் அப்படிப்பட்ட விளிம்புகளே என்று வாதிட்டார்கள். பின்னர் வாரிக்கில் பாட்ரிக் அன்வின் குழுவினர், புதிதாக உரித்த கிராஃபைட்டின் பரப்பும் நன்றாகவே வேலை செய்கிறது என்று நுணுக்கமாக அளந்து காட்டினார்கள். ஆகவே ‘விளிம்பே எல்லாம்’ என்று உன் அறிக்கையில் எழுதிவிடாதே.

உன்னை நான் எச்சரிக்க விரும்புவது இன்னொன்று. நானோகுழாயை இரும்பு, கோபால்ட், நிக்கல் துகள்களின் மேல் வளர்க்கிறார்கள். அமிலத்தில் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடைக் குழாய்கள் அருமையாக உணர்கின்றன என்று பலரும் எழுதிக்கொண்டிருந்தபோது, வேலை செய்தது இரும்பு ஆக்சைடு துகள்கள் என்று காம்ப்டன் குழு 2006-இல் காட்டியது. 2020-இல் மார்ட்டின் பூமேராவும் கூட்டாளிகளும் பறவை எச்சத்தைச் சேர்த்து கிராபீன் தயாரித்தார்கள். அதன் வினையூக்கத் திறன், எச்சம் சேராத கிராபீனைவிடக் கூடுதலாக இருந்தது. எதையாவது கலந்து ‘திறன் கூடியது’ என்று எழுதிக் குவிப்பதைப் பற்றி அவர்கள் வேண்டுமென்றே எழுப்பிய கேள்வி அது. உன் முகடு உயர்ந்தால் அது குழாயின் வேலையா, உலோகத்தின் வேலையா, பரப்பு கூடியதால் மட்டும் வந்ததா என்று நீயே பிரித்துப் பார்க்க வேண்டும். டிஎன்ஏவின் ஒற்றை இழை கார்பனில் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்காதே. இணையல்லாத இழையும் ஒட்டும், ரத்தத்தில் உள்ள புரதமும் ஒட்டும். யூரிக் அமிலம் வேறு, குவானினுக்கு முன்பே ஆக்சிஜனேற்றம் அடைந்து முகடு காட்டும்.

அதனால் நானோகுழாயை இப்போதே வாங்கிவிடாதே. முதலில் 0.5 மில்லிமீட்டர் பென்சில் முனை ஒன்றை எடு. பென்சில் கிராஃபைட்டில் டிஎன்ஏவை அளப்பது ஆய்விதழ்களில் வந்த முறைதான். விலை மலிவு, ஒவ்வொரு அளவீட்டுக்கும் புது முனை. அசிட்டேட் தாங்கல் கரைசலில் 1.4 வோல்ட்டில் ஒரு நிமிடம் வைத்துப் பதப்படுத்து. பிறகு டிஎன்ஏ இல்லாத வெறும் கரைசலில் ஒரு வரைகோடு எடு. அடுத்து, கன்றின் தைமஸ் டிஎன்ஏவை இருக்கிறபடியே போட்டு ஒன்று. கடைசியாக அதே டிஎன்ஏவைக் கொதிநீரில் வைத்து, சட்டென்று பனிக்கட்டியில் ஆற்றிவிட்டு ஒன்று. மூன்றாவதில் குவானின் முகடு இரண்டாவதைவிட உயர்ந்து நிற்க வேண்டும். முதலாவதில் அந்த இடம் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் புது முனையில் சில முறை திருப்பிச் செய்து, முகட்டின் உயரம் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொள்.

மூன்று வரைகோடுகளையும் ஒரே அளவுகோலில், பின்னணியைக் கழிக்காமல், எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு, எந்தக் குழாயை வாங்கலாம், அதில் மிச்சமிருக்கும் உலோகத்தை எப்படி அளப்பது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அத்தை