வகுப்பறையை அவசரப்பட்டு விடாதேயும்

அன்புள்ள மருமகன் அறிய,

உமது கடிதம் கிடைத்தது. ஓக்லாந்துப் பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேர றக்பிப் பயிற்றுநராகப் போக யோசிக்கிறீர், என்றைக்காவது ஒரு நாட்டின் அணியைக் கையில் எடுக்க ஆசை. ஆசையில் பிழையில்லை. பெரிய ஆட்டம் ஆடாதவன் என்ற குறை மட்டும் வரிக்கு வரி தெரிகிறது. அதைத் தூக்கி எறியும். நாட்டு அணிகளைப் பயிற்றுவித்த கிரஹாம் ஹென்றியும் எடி ஜோன்ஸும் தம் நாட்டுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர்கள். இருவரும் பள்ளி ஆசிரியர்கள். ஹென்றி உமது ஊரிலேயே கெல்ஸ்டன் ஆண்கள் பள்ளியில் அதிபராக இருந்தவர். அயர்லாந்தை நிமிர்த்திய பயிற்றுநர் ஜோ ஷ்மிட் ஆங்கில ஆசிரியர். தற்செயல் என்றா நினைக்கிறீர்?

ஆட்டம் தொடங்கியதும் பயிற்றுநர் மேலே கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார வேண்டியதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நிறுத்திப் பேச அவருக்கு வழியில்லை. தண்ணீர் கொண்டு ஓடுபவரிடம் ஒரு வரி சொல்லி அனுப்பலாம், அவ்வளவே. பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குள் போனபின் ஆசிரியருக்கு என்ன வேலை? அதுவரை கற்றுக்கொடுத்தது நின்றால்தான் உண்டு.

2015 உலகக் கிண்ணத்தில் ஜப்பான் ஆடிய பிரைட்டன் ஆட்டத்தை முழுதாகப் பாரும். அதற்கு முன் உலகக் கிண்ணத்தில் ஜப்பான் வென்றது ஒரே ஒரு ஆட்டம், 1991இல் சிம்பாப்வேயை. எதிரே இரண்டு முறை கிண்ணம் தூக்கிய தென்னாபிரிக்கா. கடைசி நிமிடங்களில் 29-32. ஜப்பானுக்குப் பெனால்டி கிடைக்கிறது. உதைத்தால் சமன், அதுவே ஜப்பானுக்குச் சரித்திரம். மூன்று புள்ளியை எடுக்கச் சொல்லி மேலிருந்து ஜப்பானின் பயிற்றுநர் ஜோன்ஸ் கத்துகிறார். தலைவர் மைக்கேல் லீச் கேட்கவில்லை, ஸ்க்ரம் கேட்டார். பந்து இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் திரும்பி, இடது மூலையில் ஹெஸ்கெத் விழுந்து ட்ரை வைத்தார். 34-32.

ஜோன்ஸின் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி அவர் சொல்லைக் கேட்காததால் வந்தது. ஆனால் அப்படிக் கேட்காமலிருக்கும் துணிவை யார் கொடுத்தது? விடியற்காலை ஐந்து மணிக்கே மைதானத்தில் நிறுத்தி, நீங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்று வருடக் கணக்கில் உருவேற்றிய அதே மனிதர்தான். (அவருடைய வாய் எனக்குப் பிடிக்காது. அதை நீர் பழக வேண்டாம்.)

முடிவை வீரர்களிடம் விடுவதை ஹென்றி வேறு வழியில் கற்றார். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் முழங்குவது அவர் வழக்கம். அவர் பயிற்றுவித்த நியூசிலாந்து அணியான ஓல் பிளாக்ஸின் தலைவர் டானா உமாகா ஒருநாள், இந்தப் பேச்சு எங்களுக்காகவா, உங்களுக்காகவா என்று கேட்டார். அத்தனை வருடப் பழக்கத்தை ஹென்றி விட்டுவிட்டார்; மூத்த வீரர்களிடம் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். உமது பதினைந்து வயதுப் பெடியன்களிடமே இதைத் தொடங்கலாம். வாரத்தில் ஒருநாள் விசிலை அவர்களில் ஒருவனிடம் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஓரமாக நில்லும். உமக்கு அது சிரமமாக இருக்கும். உம்மைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

இனிக் கசப்பான பக்கம். 2007 உலகக் கிண்ணத்தில் கார்டிஃபில் பிரான்ஸிடம் 18-20 தோற்று நியூசிலாந்து காலிறுதியோடு வீடு திரும்பியது. சங்கம் ஹென்றியை வைத்துக்கொண்டது. 2011இல் ஈடன் பார்க்கில் அதே பிரான்ஸை 8-7 என்று ஒரு புள்ளியில் வென்று கிண்ணம் எடுத்தார். எல்லாருக்கும் அப்படி இரண்டாம் தவணை கிடைப்பதில்லை. ஜோன்ஸை 2005இல் அவுஸ்திரேலியா பயிற்றுநர் பதவியிலிருந்து அனுப்பியது. இங்கிலாந்தை 2019 இறுதியாட்டம் வரை கொண்டுபோனவரை 2022 டிசம்பரில் அந்தச் சங்கமும் அனுப்பியது. மறுபடி அவுஸ்திரேலியாவுக்குப் போனார். 2023இல் அந்த அணி முதன்முறையாகக் குழுநிலையிலேயே வெளியேற, ஒரு வருடம் முடியுமுன் தானே விலகி, திரும்பவும் ஜப்பானுக்கே போனார். வீட்டுச் சாமான் அடுக்கிய பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கத் தெரிந்த குடும்பம் வேண்டும் இந்தத் தொழிலுக்கு. உமது மனைவி என்ன சொல்கிறாள் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லையே, ஏன்?

இப்போதைக்கு வேலையை விடாமல், ஒரு வருடச் சம்பளமில்லா விடுப்புக்கு அதிபரிடம் கேட்டுப் பாரும். உம்மைப் பயிற்றுநராக எடுக்கும் கழகம் தரும் ஒப்பந்தத்தில் இடைநடுவில் நிறுத்தினால் எத்தனை மாதச் சம்பளம் என்ற பகுதியை முதலில் வாசியும். கையெழுத்து வைக்குமுன் ஒரு பிரதி எனக்கு அனுப்பும்.

அன்புடன்,
மாமா