சிவனொளிபாத மலையேற்றம்

மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்கள் ஒரு சொல்வழக்கை நன்கறிவர். தேயிலை நட்ட நிலப்பகுதிக்கு நம் தோட்டத்தார் இட்ட பெயர் 'மலை' என்பதாம். "அம்மா எங்கே?" என்று வினவினால், "மலைக்குப் போயிருக்காங்க" என்று பிள்ளை விடை பகரும். வேலைக்குச் சென்றாள் என்பதே அதன் பொருள். ஆகவே, மலையேற்றத்தின் இன்பத்தைப் பாடமாகச் சொல்லப் புகும் ஆசிரியர்க்கு முதற்கண் நேரும் இடர் யாதெனின், கேட்டிருக்கும் மாணாக்கரின் அன்னையர் நாடோறும் இடையிற் படங்கு கட்டி, முதுகிற் கூடை தாங்கிச் சரிவுகளில் ஏறி இறங்குபவர் என்பதே. நாளொன்றுக்கு 16, 18 கிலோக் கொழுந்து என்று அளவு வகுத்த தோட்டங்கள் பல. அத்தகையோர்க்கு ஏற்றம் இன்பமென்று கூறுவார் சொல்லை யார் மதிப்பர்? ஆயினும் அவ்வன்னையரே பருவகாலம் வந்தவுடன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கையிற்கொண்டு, இரவெல்லாம் விழித்திருந்து சிவனொளிபாதத்துக்கு ஏறுகின்றனர். இதுவே நாம் ஆராயத் தக்கது.

இலங்கையில் உயரத்தால் முதன்மை பெற்றது நுவரெலியாவை அடுத்த பிதுருதாலகால மலை, 2,524 மீற்றர். அதன் உச்சியில் இன்று நிற்பன அலைபரப்புக் கோபுரங்கள். சிவனொளிபாதமோ 2,243 மீற்றரே. ஆனால் மஸ்கெலியாப் பக்கத்தினின்று நோக்குவார்க்கு அது ஏனைய மலைகளோடு கூடாது கூம்பு வடிவாய்த் தனித்து நிற்கும். களனி கங்கையும் களு கங்கையும் அதனைச் சூழ்ந்த காடுகளிலேயே பிறக்கின்றன. அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ 5,500 படிகளைக் கடத்தல் வேண்டும். அடிக்கும் முடிக்கும் இடையேயுள்ள ஏற்றம் 1,000 மீற்றர் அளவினது. இரத்தினபுரி வழி இதனினும் நெடியது, கடியது.

இம்மலையின் புகழ் நேற்று இன்று தோன்றியதன்று. மணிமேகலை இதனைச் சமனொளி என்று குறித்து, வலங்கொண்டு மீளும் சாரணரைப் பற்றிப் பேசுகின்றது. 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இவ்வீழநாட்டிற் கரையிறங்கியபோது அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. அம்மன்னர் பல்லக்கு ஈந்து, ஆண்டுதோறும் பாததரிசனத்துக்குச் செல்லும் வழக்கமுடைய நான்கு யோகியரையும், மூன்று அந்தணரையும், உணவு சுமப்பார் 15 பேரையும் உடன் விடுத்தார் என்று அவரே எழுதிவைத்துள்ளார். பாறைகளிற் பிணித்த இருப்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏறியதையும் கூறுகின்றார். நாம் சிவபாதமென்று வணங்குவதைப் பௌத்தர் புத்தபாதமென்றும், இசுலாமியர் ஆதம் நபியின் அடிச்சுவடென்றும் போற்றுவர். இதனை மாணாக்கர்க்கு ஒளியாது உரைத்தல் வேண்டும். படியில் அவர்களுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடும் சிங்கள முதியவளை அவர்கள் அறிந்து வணங்குதற்கு அது உதவும்.

இனி, இடர்களைக் கூறுவாம். 1,000 மீற்றர் உயருந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். எனவே கொழும்பிற் புழுங்கும் இரவில் உச்சியில் உடல் நடுங்கும். மூச்சைத் திணறச் செய்யும் உயரநோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தோன்றும்; ஆதலின் இங்கே அஞ்சத்தக்கது காற்றின் மென்மையன்று, ஈரமே. ஏறும்போது வியர்வையால் நனைந்த சட்டை, உச்சிக் காற்றுப் பட்டவுடன் உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும். இறங்குதல் எளிதென்று எண்ணுவதும் பிழை. இறங்குங்கால் தொடைத்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குவதால், ஏற்றத்தினும் மிகுதியாக நோகும். அந்நோவு மறுநாளும் அதற்கடுத்த நாளுமே முதிரும்.

இத்தனைக்கும் பயன் விடியலிற் கிட்டும். கிழக்கே கதிரவன் எழ, மேற்கே பனிப்படலத்தின்மேல் மலையின் நிழல் முக்கோணமாய் விழும். மலை கூம்பாயிருத்தலால் நிழலும் அவ்வாறாயிற்றென்று மாணாக்கர் கூறுவர். அஃது அன்று, கூம்பல்லாத மலைகளின் நெடுநிழலும் உச்சியில் நிற்பார்க்கு முக்கோணமாகவே தோன்றும். அட்டன் புகையிரத நிலையத்தில் நின்று தண்டவாளங்களை நோக்கின், அவை தொலைவிற் குவிந்து ஒன்றாவதுபோலத் தோன்றுமன்றோ? அதுவே இதற்கும் நியாயம்.

உச்சியை அடைதல் ஒன்றே மலையேற்றமாயின், கயிலைக்கு ஏறிய நம் பெரியோரை எவ்வாறு கணிப்பது? 8,848 மீற்றர் உயர்ந்த எவரெஸ்ட்டில் 1953ஆம் ஆண்டு தென்சிங்கும் ஹிலரியும் கால்வைத்தனர். 6,638 மீற்றரேயாய கயிலையின் முடியில் இன்றுவரை மக்கள் ஏறியதாக வரலாறில்லை. 52 கிலோமீற்றர் சுற்றி வலம்வந்தே மீளுகின்றனர். காரைக்காலம்மையார் அதனைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். அப்பரடிகளோ கால் தேய, கை தேய, மார்பு தேயப் புரண்டு சென்றும், இடைவழியிலே திருவையாற்றுக்கு மீளுமாறு பணிக்கப்பட்டார். அவர் ஏற்றம் குறையுற்றதென்று சொல்லத் துணிவாருளரோ?

இவ்வினா நமக்கு ஏட்டளவில் நின்றிலது. சில ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பாடசாலை மாணாக்கர் சிலரை அழைத்துச் சென்றோம். மாற்றுச்சட்டை கொணருமாறு சொல்ல மறந்தோம், பிழை நம்முடையதே. இடைவழியில் தூறல் பிடித்தது. உச்சி விளக்குகள் தலைக்குமேல் தெரியும் இடத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன் படியில் அமர்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது, பெயரைக் கேட்டால் நாக்குழறியது. "கொஞ்ச தூரந்தான் சார், தூக்கிக்கிட்டுப் போயிடலாம்" என்றனர் தோழர். நமக்கும் அவ்வாசை இருந்தது, மறைப்பானேன்? ஆயினும் அவனைத் தேநீர்க்கடையுட் கொண்டுசென்று, ஈரச்சட்டையைக் களைந்து, கடைக்காரர் தந்த கம்பளியாற் போர்த்தி, நடுக்கம் தணிந்தபின் இனிப்பிட்ட சுடுதேநீர் பருக்கி, பிறரை உடனாசிரியரிடம் ஒப்புவித்துவிட்டு, விடியுமுன்னே அவனோடு கீழிறங்கினோம். வழியெல்லாம் அவன் அழுதான்.

லயத்து வாயிலில் அவன் தாயிடம் நிகழ்ந்ததைச் சொல்லி, நம் பிழையையும் சொன்னோம். அவள் மகனின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மலை எங்கயும் போயிடாதுங்க சார்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை.

மறு பருவத்தில், மாசிப் பூரணை கழிந்த வாரம், தாயும் மகனும் நம்மோடு வந்தனர். இம்முறை பைகளிலெல்லாம் உலர்ந்த சட்டை இருந்தது. உச்சியில் ஒரு மணி தொங்குகின்றது. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அதனை ஒலிப்பித்தல் வழக்கம். சிறுவன் ஒருமுறை அடித்தான். நாம் மூன்றுமுறை அடித்தோம். பின்னர் அவன் தாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்வந்து கயிற்றைப் பற்றினாள். ஒன்பது முறை அடித்தாள்.