மேலே இருந்து பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு

சென்னை அடையாறில் 2023 ஜூன் 29 அன்று மாநகரக் காவல்துறை ட்ரோன் பிரிவைத் தொடங்கியது. ஏறத்தாழ 3.6 கோடி ரூபாய்ச் செலவு, 9 ட்ரோன்கள். இப்போது நம்ம நெல்லைப் பக்கமும் தேருக்கும் கொடைக்கும் ரிமோட்டும் கையுமாக இளம் பிள்ளைகள் நிற்கிறார்கள். நான் கன்ட்ரோல் ரூமில் மைக் பிடித்தே தலை நரைத்தவன். ட்ரோன் ஓட்ட எனக்குத் தெரியாது. எங்கேயோ நடப்பதை வாங்கி, பக்கத்தில் இருக்கிற அதிகாரிக்கு நாலே வார்த்தையில் சொல்லி, அவர் முடிவெடுக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கிற வேலை தெரியும். உங்கள் வேலையும் பாதி அதுதான் என்பதால் சொல்கிறேன்.

1. திரையில் இருக்கிற இடது வலது உனக்கு மட்டும்தான். கீழே வேர்த்து நிற்கிற காவலருக்கு அது ஒன்றும் புரியாது. ட்ரோன் திரும்பினால் உன் இடது அவருக்கு வலது ஆகிவிடும். வடக்கு தெற்கு என்றாலும் நெரிசலுக்குள் நிற்கிறவருக்குத் திக்குத் தெரியாது. முக்கின் பெயரைச் சொல். வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு என்றால் டவுனில் நிற்கிற எந்தக் காவலருக்கும் கால் தானாகத் திரும்பும். ஆகவே பந்தோபஸ்துக்கு முந்தின நாள் ட்ரோனைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, நாலு ரத வீதியையும் நடந்து பார். எந்தச் சந்து எதில் போய்ச் சேருகிறது, எது முட்டுச்சந்து, எந்தக் கடைக்காரர் சாக்கடை மூடிமேல் பந்தல் போட்டிருக்கிறார் என்று காலால் தெரிந்துகொள். மேலே இருந்து பார்த்தால் முட்டுச்சந்தும் வழி மாதிரியே தெரியும்.

மைக்கில் சொல்ல ஒரு வரிசை வைத்துக்கொள்: எந்த இடம், எவ்வளவு கூட்டம், எந்தப் பக்கம் நகருகிறது, வெளியேற எத்தனை வழி. அதற்கு மேல் அவர் கேட்டால் சொல்.

2. பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் போலீஸ் கன்ட்ரோல் அறை கூட்டத்தைப் பார்த்தபடியே இருந்தது. கேமராத் திரைகளும் இருந்தன. வேலிக்குப் பின்னால் ஜனங்கள் நசுங்கிக்கொண்டிருந்தபோது, ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து ரகளை செய்யப்போகிறார்கள் என்றுதான் உள்ளே இருந்தவர்களுக்கு முதலில் பட்டது. 97 பேர் இறந்தார்கள். படத்தில் குறையில்லை, பார்த்த மனசில்தான் குறை. ‘கும்பல் ஆவேசமாக இருக்கிறது’ என்று நீ சொன்னால் அது உன் கருத்து. ‘முன்னால் இருப்பவர்கள் கையைத் தூக்குகிறார்கள், நகர இடமில்லை’ என்பதுதான் தகவல். முதலாவதைக் கேட்டவர் தடியை நினைப்பார், இரண்டாவதைக் கேட்டவர் கதவைத் திறக்க நினைப்பார்.

3. கூட்டத்தைப் பார்க்கிறபோது கூட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். இதை நம்ம ஊரில் சொல்லித்தர வேண்டியதே இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. ஆபீஸ் இருக்கிற கொக்கிரகுளத்தில் சாலையை ஒட்டியே ஆறு. தடியடி நடந்தது, ஜனங்கள் ஆற்றுப்பக்கம் ஓடினார்கள். 17 பேர் தாமிரபரணியில் உயிரை விட்டார்கள். அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு.

அன்றைக்கு ட்ரோன் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆறு எங்கே ஓடுகிறது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், அதைத் தெரிந்துகொள்ளக் கேமரா எதற்கு? உன் படத்தால் ஆகக்கூடியது வேறு. உத்தரவு வருவதற்கு முன்னாலேயே, ‘சார், வழி இரண்டு. ஒன்று அடைபட்டிருக்கிறது, இன்னொன்று ஆறு’ என்று மைக்கில் நீ சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எடுக்கிற முடிவு தெரிந்தே எடுத்த முடிவு. எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. நேரலை வீடியோவுக்கு நான் கொடுக்கிற மதிப்பு இதற்காகத்தான். கேட்கிறவருக்குக் கசக்கும், நீ சொல்லிவிடு.

4. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் தேரைப் பார்க்காதே. தேரை ஊரே பார்க்கிறது. சுமார் 450 டன் என்று சொல்கிறார்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. உன் கண் வடத்தின் நுனியிலும், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள்மேலும் இருக்கட்டும். 2024 ஜூன் 21 அன்று வடம் திரும்பத் திரும்ப அறுந்தது. வடம் அறுந்தால் இழுக்கிறவர்கள் மொத்தமாக முன்னால் விழுவார்கள், பின்னால் வருகிறவர்கள் அது தெரியாமல் தள்ளுவார்கள். அந்தச் சில விநாடியில் பின்கூட்டத்தை நிறுத்தச் சொல்லத்தான் நீ மேலே இருக்கிறாய்.

ஆனி மாதம் இங்கே காற்று மாதம் என்பதையும் மறந்துவிடாதே. கோபுரத்து உயரத்தில் அடிக்கிற காற்றும் தரையில் அடிக்கிற காற்றும் ஒன்றல்ல. ஜனங்களின் தலைக்கு நேர் மேலே நிறுத்தாமல் ஒதுங்கின கட்டடத்துக்கு மேலே நிறுத்தி, கேமராவைச் சாய்த்துப் பார். விழுந்தால் மொட்டைமாடியில் விழட்டும்.

5. ரொம்பத் தேவைப்படுகிற நாளில் உன் ட்ரோன் பறக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப்பார். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லையில் ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். கலெக்டர் ஆபீசையே வெள்ளம் சூழ்ந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தடியில் கிடந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துப்போயிருந்தது. அந்த மழையில் சின்ன ட்ரோனை ஏற்றவே முடியாது. ஏற்றினாலும் செல்போன் டவர் செத்துக் கிடந்தால் படம் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து சேராது. கடைசியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஹெலிகாப்டர்தான் வந்து சாப்பாடு போட்டது.

ஆகவே வேலையை வெயில் காலத்திலேயே முடித்து வை. சித்திரையில் ஆறு ஒடுங்கிக் கிடக்கும்போது குறுக்குத்துறையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலம் தாண்டிக் கீழே வரைக்கும் படம் எடு. எந்த ஓடை எங்கே ஆற்றில் விழுகிறது, எந்தத் தெரு பள்ளம், எந்தப் பள்ளிக்கூடம் மேடு என்று குறித்துக்கொள். மழை விட்டு முதல் தடவை ட்ரோனை ஏற்றும்போது பழைய படம் பக்கத்தில் இருந்தால்தான், இந்தத் தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, சாலையே போய்விட்டதா என்று சொல்ல முடியும். படகை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதே அதை வைத்துத்தான்.

மொபைல் டேட்டாவை மட்டும் நம்பாதே. படம் போகாவிட்டால் மைக்கில் வாயால் சொல்லு. எங்கள் காலத்தில் அப்படித்தான் ஓடியது.

6. பறக்கக்கூடாத இடம் நம்ம மாவட்டத்தில் நிறைய. கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம். பாபநாசத்துக்கு மேலே போனால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், வனத்துறையைக் கேட்காமல் ஏற்றாதே. 2021 ட்ரோன் விதிகள்படி, முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்தில்கூட 400 அடிதான். நானும் போலீஸ்தானே என்கிற நினைப்பு வேண்டாம்.

7. படித்துறைக்கு மேலே கேமராவைத் தாழ்த்தாதே. ஆற்றில் குளிக்க வருகிற பெண்களுக்கு நூறு வருஷமாக இருக்கிற நம்பிக்கை, கரையில் நிற்கிற ஆண் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்பது. தலைக்கு மேலே நிற்கிற உனக்கும் அதே மரியாதைதான். புஷ்கரம், ஆடி அமாவாசை மாதிரி நாளில் பாதுகாப்புக்குப் பார்க்கவேண்டியிருந்தால் உயரத்திலேயே இரு. தண்ணீரில் ஆள் தத்தளிக்கிறதா என்று பார்க்க முகம் தெரியவேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் புட்டசாமி வழக்கில் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான்.

அதே மாதிரி கிராமத்தில் பிரச்சினை என்று போனால், ஒரு தெருவுக்கு மேலேயே வட்டம் போடாதே. எந்தத் தெருமேல் எவ்வளவு நேரம் நின்றாய் என்று இரண்டு தெருக்காரர்களும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். நம்ம ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

8. எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் போடாதே. 2020 ஊரடங்கில் திருப்பூர்ப் போலீஸ் வெளியிட்ட ட்ரோன் காட்சியில், கேரம் ஆடிய பையன்கள் ஓடி ஒளிந்ததைப் பார்த்து நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பையன்களின் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று அப்புறம் தோன்றியது. பயமுறுத்த ஒரு கருவி, சாட்சிக்கு ஒரு கருவி என்று இரண்டாக வைக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில், மின்னணுப் பதிவோடு கொடுக்கவேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் கொஞ்சம் மாறினாலும் மாறிவிடுகிற அடையாள எண்) கேட்கிறார்கள். வெட்டி ஒட்டி பாட்டுப் போட்ட வீடியோவை வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட முடியுமா?

9. பெரிய அதிகாரிகள் திரையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்காருவார்கள். ‘அந்த நீலச் சட்டைக்காரனைப் பிடி, இந்தப் பக்கம் ரெண்டு பேரை அனுப்பு’ என்று அங்கிருந்தே நடத்தத் தோன்றும். படம் சில விநாடி தாமதமாகத்தான் வருகிறது, நீலச் சட்டைக்காரர் அதற்குள் தெரு தாண்டியிருப்பார். அமெரிக்காவில் சூலா விஸ்டா நகரப் போலீஸ் 2018-லிருந்து, உதவி கேட்டு போன் வந்ததும் ட்ரோனை முதலில் அனுப்புகிறது. வண்டியில் போகிற காவலரும் அதே படத்தைத் தன் போனில் பார்க்கிறார். அது நல்ல வழி. ஸ்பாட்டில் நிற்கிற இன்ஸ்பெக்டர் கையில் படம் இருக்கட்டும்.

‘இன்னும் கொஞ்சம் கிட்டப் போ’ என்று மேலிடத்தில் கேட்டாலும், பேட்டரி இறங்கிவிட்டால் திருப்பிவிடு. ஒரு பேட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே பெரிசு. இரண்டாவது ட்ரோன் மேலே ஏறிய பிறகு முதலாவதை இறக்கு. நடுவில் ஐந்து நிமிஷம் படம் இல்லாமல் போனால், எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வை. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் கேட்பார்.